டி டிரைவில் ஃபோல்டர்கள் திறக்கவில்லை, செக்டிஸ்க் ஓட்டலாமா?

சில ஃபோல்டர்களைத் திறந்தால் 'பழுதாகிவிட்டது, படிக்க முடியவில்லை' என்று வருகிறது, கணினியைப் போடும்போதெல்லாம் டிஸ்க் சோதனை தானாக ஓடுகிறது, விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை (chkdsk) '/ஆர்' (/r) போட்டு ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். முதலில் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்கில் காப்பி எடுங்கள். செக்டிஸ்க் பார்ப்பது கோப்பு முறைமையின், அதாவது எந்தக் கோப்பு டிஸ்கில் எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டின், கணக்கு ஒத்துப்போகிறதா என்பதைத்தான். உங்கள் போட்டோக்கள் பிழைக்குமா என்பது அதற்குக் கவலையே இல்லை. ஒத்துவராத பதிவுகளை நீக்கிவிட்டு, மிஞ்சிய துண்டுகளை 'ஃபவுண்ட்.000' என்ற ஃபோல்டரில் பழைய பெயரே இல்லாமல் போட்டுவிடும். '/ஆர்' கொடுத்தால் டிஸ்கின் ஒவ்வொரு செக்டரையும் (தரவு சேமிக்கும் சிறு துண்டு) வேறு படிக்கும். டிஸ்கே பழுதாகிக்கொண்டிருந்தால், மணிக்கணக்கில் இப்படிப் படிப்பதிலேயே அது மொத்தமாகப் போய்விடலாம்.

காப்பி எடுக்க விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி (robocopy) கட்டளை நல்லது, ஆனால் '/ஆர்:1 /டபிள்யூ:1' (/r:1 /w:1) கட்டாயம் சேருங்கள். இங்கே '/ஆர்' என்பது எத்தனை தடவை மறுபடி முயல்வது, '/டபிள்யூ' என்பது நடுவில் எத்தனை விநாடி காத்திருப்பது. சேர்க்காவிட்டால், படிக்க முடியாத ஒரே கோப்பை 30 விநாடிக்கு ஒருமுறை என்று 10 லட்சம் தடவை முயன்றுகொண்டு அங்கேயே நிற்கும்.

அப்புறம் கோளாறு கோப்பு முறைமையிலா, டிஸ்கிலா என்று பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (CrystalDiskInfo) என்ற மென்பொருளில் ஸ்மார்ட் (SMART) விவரங்கள், அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்குகள், வரும். சாட்டா (SATA) கேபிளில் இணையும் டிஸ்க் என்றால் 05, சி5, சி6 (C5, C6) வரிசைகளின் கடைசி எண்ணைக் கவனியுங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், சி6 என்பது சரிசெய்ய முடியாத செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. அது நாளுக்கு நாள் ஏறினால் பழுதுபார்க்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்புக் கருவியால் முழு டிஸ்கையும் இமேஜாக, அதாவது அப்படியே ஒரே கோப்பாக, வேறொரு டிஸ்கில் எடுங்கள். அது நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பிறகுதான் முரண்டு பிடிக்கும் இடங்களுக்குத் திரும்பும். டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் இதுவும் வேண்டாம், உடனே அணைத்துவிட்டுத் தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள்.

சி7 (C7), அதாவது டிஸ்குக்கும் கணினிக்கும் நடுவில் தரவு போகும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை, மட்டும் ஏறுகிறதா? பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம். என் கணினியில் இதே மாதிரி ஃபோல்டர்கள் திறக்காமல் போனபோது மற்ற எண்கள் எல்லாம் பூஜ்யம், இது மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. கேபிளை மாற்றியதும் நின்றுவிட்டது. பழைய எண் குறையாது, அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

டிஸ்க் நன்றாக இருக்கிறது, காப்பியும் கையில் இருக்கிறது என்றால் சரி, இப்போது செக்டிஸ்க் ஓட்டலாம். முதலில் எந்த ஆப்ஷனும் இல்லாமல் ஓட்டுங்கள், எதையும் மாற்றாமல் என்ன பிழை என்று மட்டும் சொல்லும். பிழை காட்டினால், அதைச் சரிசெய்ய '/எஃப்' (/f) போட்டு ஓட்டுங்கள். லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்சிகே (fsck) என்றால் பார்ட்டிஷனை அன்மவுண்ட் செய்யாமல் (பயன்பாட்டிலிருந்து விடுவிக்காமல்) தொடவே தொடாதீர்கள்.

சரிசெய்த பிறகும் பிழை திரும்பத் திரும்ப வந்தால் ரேமைச் சந்தேகப்படுங்கள். கெட்டுப்போன ரேம் வழியாகப் போகும் தரவு டிஸ்கில் தப்பாகவே எழுதப்படும், டிஸ்கை எத்தனை தடவை சோதித்தாலும் அது தெரியாது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ (Memtest86+) ஐ ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.