கான்கிரீட்டா, மேலாண்மையா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

தூத்துக்குடி பக்கம் ஒரு கல்லூரியில் பி.இ. சிவில் இறுதியாண்டு படிக்கிறேன். மேற்படிப்புக்கு எல்லோரும் ஸ்ட்ரக்சுரல் எடுக்கச் சொல்கிறார்கள். எனக்குக் கான்கிரீட் பிடிக்கும். ஆனால் கான்கிரீட் டெக்னாலஜி எடுத்தால் லேப்பிலேயே காலம் போய்விடும், கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் எடுத்தால் எக்செல் ஷீட் நிரப்பும் வேலைதான் என்கிறார்கள் சீனியர்கள். எதை எடுப்பது?

இன்னொரு சந்தேகமும் உண்டு. ப்ராஜெக்டுக்காக எம்25 கலவையில் (28 நாளில் 25 மெகாபாஸ்கல் வலிமை தர வேண்டியது) மூன்று க்யூப் (சோதனைக்கான கனசதுரக் கட்டி) போட்டோம். 28 நாளில் 33, 31, 22 மெகாபாஸ்கல் வந்தது. 22-ஐ விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எழுதச் சொன்னார் கைடு. 32 என்று எழுதிவிட்டோம். அது சரிதானா?

– ம., தூத்துக்குடி

அன்புள்ள ம.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

நீங்கள் எழுதியது சரியில்லை. கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூலான ஐஎஸ் 456 கணக்கில் மூன்று க்யூப்களின் சராசரிதான் ஒரு சாம்பிளின் முடிவு. எந்தத் தனி க்யூபும் அந்தச் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. உங்கள் சராசரி 28.67. அனுமதிக்கப்பட்ட எல்லை 24.4 முதல் 32.97 வரை. 22 தெளிவாக வெளியே நிற்கிறது. 33-ம் மயிரிழையில் வெளியே. இப்படி வந்தால் பிடிக்காத எண்ணை எடுத்துவிட்டு மீதியைச் சராசரி போட விதி இடம் தரவில்லை, அந்த சாம்பிளே செல்லாது. அறிக்கையில் மூன்று எண்களையும் போட்டு, 'செல்லாது' என்று எழுதி, மறுபடி வார்த்திருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது 22 ஏன் வந்தது என்று தேடுவது. மூன்றும் ஒரே கலவை, ஒரே தொட்டித் தண்ணீர் என்றால் குற்றம் பெரும்பாலும் கலவையில் இல்லை, க்யூப் போட்ட கையில் அல்லது மெஷினில் இருக்கிறது. 150 மிமீ அச்சில் மூன்று அடுக்காகப் போட்டு அடுக்குக்குக் குறைந்தது 35 குத்து குத்த வேண்டும். கடைசி க்யூபுக்கு வரும்போது தட்டில் ஜல்லிதான் மிஞ்சியிருக்கும், குத்துகிறவருக்கும் கை சலித்திருக்கும். அச்சின் போல்ட் தளர்ந்திருந்தால் சிமெண்ட் பால் ஒழுகி ஓரம் தேன்கூடு போல ஓட்டை விழும். மெஷினில் வைக்கும்போது கரணையால் தேய்த்த முகம் மேலேயோ கீழேயோ வரக் கூடாது. அச்சுத் தகட்டில் பட்ட பக்கங்கள்தான் பிளேட்டைத் தொட வேண்டும். தேய்த்த முகம் சமமாக இருக்காது, அதில் சுமை ஏற்றினால் மேடான இடத்தில் மட்டும் அழுத்தம் குவிந்து க்யூப் சீக்கிரமே போய்விடும். சுமை நிமிடத்துக்குச் சதுர மிமீக்கு 14 நியூட்டன் வீதம் ஏற வேண்டும். 150 மிமீ க்யூபுக்கு அது வினாடிக்கு 5 கிலோநியூட்டனுக்குச் சற்று மேல்.

உடைந்த க்யூபை யாரும் பார்ப்பதில்லை, எண்ணை எழுதிக்கொண்டு குப்பையில் போட்டுவிடுகிறார்கள். நன்றாக உடைந்த க்யூபில் நான்கு பக்கமும் ஒரே மாதிரி உரிந்து, மேலும் கீழும் இரண்டு கூம்புகள் நடுவில் சந்திப்பது போல மிஞ்சும். ஒரு பக்கம் மட்டும் பிளந்து மறுபக்கம் அப்படியே நின்றால் சுமை மையத்தில் விழவில்லை. உங்கள் 22-ன் துண்டுகள் லேப் மூலையில் இன்னும் கிடந்தால் போய்ப் பாருங்கள்.

இனி முதல் கேள்வி. கான்கிரீட் டெக்னாலஜி வேறு, மேனேஜ்மென்ட் வேறு என்று பல்கலைக்கழகம் பிரித்திருப்பது பாடவேளை அட்டவணையின் வசதிக்காக. சைட்டில் கான்கிரீட் கெட்டுப்போவதற்கான காரணங்களில் பெரும்பகுதி நிர்வாகக் காரணங்கள்தான். ஒரே ஒரு ஸ்லாப் வார்ப்பை எடுத்துப் பார்ப்போம்.

உங்கள் ஊரிலேயே, கடற்காற்று நேரடியாகப் படும் ஒரு கட்டடம். ஐஎஸ் 456 அதைக் கடுமையான சூழல் என்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30, சிமெண்ட் கனமீட்டருக்கு 320 கிலோவுக்குக் குறையாமல், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மிகாமல், கவர் (கம்பிக்கு வெளியே மூடியிருக்கும் கான்கிரீட் கனம்) 45 மிமீ. நீங்கள் ப்ராஜெக்டுக்கு எடுத்த எம்25 அங்கே செல்லாது. ஊரில் கட்டுகிற வீடுகளில் கவர் பிளாக் என்ன அளவில் வைக்கிறார்கள் என்று ஒரு நாள் டேப்போடு போய்ப் பாருங்கள், 20 மிமீதான் அதிகம் கண்ணில் படும்.

ஸ்லாப் 30 கனமீட்டர். ஆறு கனமீட்டர் லாரி என்றால் ஐந்து லோடு. பம்ப் மணிக்கு 15 கனமீட்டர் இறைத்தால் 24 நிமிடத்துக்கு ஒரு லாரி வர வேண்டும். பிளாண்டில் லோடு ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும் என்பது ரெடிமிக்ஸுக்கான, அதாவது பிளாண்டில் கலந்து லாரியில் வரும் கான்கிரீட்டுக்கான, ஐஎஸ் 4926 விதி. கலவை இறுகுவதைத் தள்ளிப்போடும் அட்மிக்சர் (ரசாயனச் சேர்மானம்) போட்டு, வாங்குபவரோடு முன்கூட்டியே பேசியிருந்தால்தான் அதற்கு மேல் போகலாம். 30 கனமீட்டருக்கு மூன்று சாம்பிள் எடுக்கச் சொல்கிறது ஐஎஸ் 456, அதாவது 28 நாளுக்கு ஒன்பது க்யூப், 7 நாளும் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் ஒன்பது. ஐந்து லாரியில் எந்த மூன்றில் எடுப்பது என்று முந்தின நாளே எழுதி வைத்துவிட வேண்டும். லாரி வந்த பிறகு தீர்மானித்தால் 'நல்லா இருக்கிற' லாரியைத்தான் கை தேடும்.

கனமீட்டருக்குச் சிமெண்ட் 350 கிலோ, விகிதம் 0.45 என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 157 லிட்டர். முதல் இரவு மழை பெய்திருக்கிறது. எம்-சாண்ட் குவியலில் உறிஞ்சியதுபோக 4 சதவீத ஈரம் மிச்சம். 750 கிலோ மணலில் அது 30 லிட்டர். பிளாண்டில் இதைக் கழிக்காமல் அதே 157 லிட்டரை விட்டால் உண்மைத் தண்ணீர் 187 லிட்டர், விகிதம் 0.53. 38 மெகாபாஸ்கலைக் குறிவைத்துப் போட்ட கலவை 30 பக்கம் இறங்கிவிடும். காலையில் ஒரு வாணலியில் மணலை வறுத்து எடை பார்த்திருந்தால் போதும், கால் மணி நேர வேலை. அதை யார் செய்ய வேண்டும், எந்தப் பதிவேட்டில் எழுத வேண்டும், அந்த எண் பிளாண்டில் கலவை அளந்து போடும் பேட்சிங் ஆபரேட்டர் கைக்கு எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்பதெல்லாம் மேனேஜ்மென்ட்.

லாரி சைட்டுக்கு வந்த பிறகு நடப்பது இன்னும் மோசம். வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்ற கலவை இறுகத் தொடங்கும், பம்ப் திணறும், யாராவது டிரம்மில் தண்ணீர்க் குழாயை (ஓஸ்) விடுவார்கள். ஆறு கனமீட்டருக்கு 60 லிட்டர் விட்டால் கனமீட்டருக்கு 10 லிட்டர், 0.45 கிட்டத்தட்ட 0.48 ஆகிவிடும். வலிமையில் இரண்டு மூன்று மெகாபாஸ்கல் போவதோடு நிற்காது. நுண்துளை கூடி உப்பு கம்பியை எட்டும் காலமும் சுருங்கும். 'தண்ணீர் ஊற்றாதே' என்று பலகை மாட்டுவதால் இது நிற்காது. லாரி ஏன் ஒன்றரை மணி நேரம் நின்றது? ஓரத்து பீமில் கம்பி செக்கிங் முடியவில்லை. ஏன் முடியவில்லை? பார் பெண்டிங் ஆட்கள் வேறு பிளாக்குக்கு மாற்றப்பட்டார்கள். செக்கிங் கையெழுத்து விழாமல் முதல் லாரியைப் பிளாண்டிலிருந்து கிளப்பக் கூடாது என்ற ஒரு விதியும், கலவை இறுகினால் அட்மிக்சரை மட்டும், அளவோடு, பிளாண்ட் ஆள் முன்னிலையில் சேர்க்கலாம் என்ற இன்னொரு விதியும் இருந்தால் ஓஸுக்கு வேலையில்லை. நான் பார்த்த பாடத்திட்டங்களில் இந்தச் சங்கிலி எந்த ஒரு தாளிலும் முழுதாக வருவதில்லை.

வார்ப்பு முடிந்ததும் சென்ட்ரிங் (வார்ப்பைத் தாங்கும் பலகையும் முட்டும்) கணக்கு. ஆறு மீட்டர் வரையுள்ள பீமுக்கு முட்டு 14 நாள், 4.5 மீட்டர் வரையுள்ள ஸ்லாபுக்கு 7 நாள் என்று ஐஎஸ் 456-ல் படித்திருப்பீர்கள். அது ஓபிசி என்ற சாதாரண சிமெண்டுக்கு. உங்கள் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் தாராளமாகப் புழங்குகிறது. அது மெதுவாக வலிமை ஏறும், ஆகவே அந்த நாள்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. ஸ்லாபின் மேலேயே, ஸ்லாபோடு சேர்த்துத் தண்ணீர் காட்டிய க்யூபை உடைத்துப் பார்த்துத்தான் முட்டைத் தட்ட வேண்டும். இப்போது திட்டமிடல் ஆள் பத்து நாளுக்கு ஒரு தளம் என்று பார் சார்ட் (வேலை அட்டவணை) போட்டிருக்கிறார். பீம் முட்டு 14 நாள் நிற்க வேண்டுமென்றால் முட்டு குறைந்தது இரண்டு செட் வேண்டும். மேல் தளத்தின் இன்னும் இறுகாத பச்சைக் கான்கிரீட் எடையைப் பத்து நாள் வயதுள்ள கீழ்த்தளம் தாங்குமா என்று கணக்குப் போட்டால் மூன்றாவது செட் கேட்கும். டெண்டரில் இரண்டு செட்டுக்குத்தான் ரேட் போட்டிருந்தால், முட்டைச் சீக்கிரம் பிடுங்கச் சொல்லும் நெருக்கடி அன்றைக்கே பிறந்துவிட்டது. ஸ்லாப் தொய்ந்தால் பழி மேஸ்திரி மேல் விழும். கியூரிங்கும் இதே கதைதான்: வெயில் காலத்தில் கலப்பு சிமெண்டுக்கு 14 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், ஆனால் நான்காம் நாளே மேலே செங்கல் அடுக்கத் தேதி போட்டிருப்பார்கள்.

பணம் பற்றி ஒரு கணக்கு மட்டும். எம்30-க்கு இலக்கு வலிமை 30 + 1.65 × 5 = 38.25, ஏனென்றால் சைட் தரவு இல்லாதபோது திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 5 என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது கலவை விகிதத்துக்கான ஐஎஸ் 10262. முப்பது முடிவுகள் சேர்ந்து உங்கள் விலக்கம் 3.5 என்று நிரூபணமானால் அது 35.8 ஆகும். 2019 பதிப்பு 30 + 6.5 என்ற இன்னொரு கணக்கையும் வைத்து, இரண்டில் பெரியதை எடுக்கச் சொல்வதால் 36.5-ல் நிற்கும். அந்த 1.75 மெகாபாஸ்கல் வித்தியாசத்தில் கனமீட்டருக்கு 10 கிலோ சிமெண்ட் மிஞ்சினாலும், 10,000 கனமீட்டர் வேலையில் 2,000 மூட்டை. ஒழுங்காக க்யூப் போட்டு, ஒழுங்காக எழுதி வைத்தால் மட்டுமே கிடைக்கும் பணம் இது. 22-ஐ அழிக்கிறவர்களுக்குக் கிடைக்காது. அழித்த தரவில் விலக்கம் அழகாகக் குறையும், அதை நம்பிச் சிமெண்டைக் குறைத்தால் கட்டடம் மாட்டிக்கொள்ளும்.

ஒப்பந்தச் சட்டத்தைத் தேர்வுக்கு முந்தின இரவு படிக்கிற பாடமாக நினைக்காதீர்கள். வரைபடம் தாமதமாக வந்ததால் வார்ப்பு தள்ளிப்போனது என்றால் அன்றைக்கே தடைப் பதிவேட்டில் ஏற்றி எதிர்த்தரப்புக் கையெழுத்து வாங்க வேண்டும். 1999 ஃபிடிக் ஒப்பந்தத்தில் (கட்டுமானத்துக்கான சர்வதேச மாதிரி ஒப்பந்தம்) கூடுதல் காலமோ பணமோ கேட்பவர் 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும், தவறினால் உரிமையே போய்விடும். பிரைமவேரா என்ற திட்டமிடல் மென்பொருளை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். எந்த நாளில் என்ன எழுதி வைக்க வேண்டும் என்று தெரிய அதிக காலமாகும்.

எங்கே படிப்பது? கேட் (GATE) தேர்வில் மதிப்பெண் நன்றாக வந்தால் சென்னை ஐஐடி. அங்கே கட்டடத் தொழில்நுட்பமும் கட்டுமான மேலாண்மையும் ஒரே பிரிவாக இருப்பதே உங்கள் கேள்விக்குப் பொருத்தம். திருச்சி என்ஐடியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் கட்டுமான மேலாண்மை சார்ந்த முதுகலை உண்டு. புனேயின் நிக்மார் 1983 முதல் இதற்கென்றே நடக்கும் நிறுவனம். நிர்வாகப் பக்கம் கனம் அதிகம், ஆகவே கான்கிரீட்டை நீங்களே தனியாகக் கற்றுக்கொண்டு போக வேண்டும். அமெரிக்காவில் மிடில் டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகம் 1996-ல் கான்கிரீட் தொழில் மேலாண்மைக்கே இளங்கலைப் பட்டம் தொடங்கியது. கான்கிரீட் கம்பெனிகளே முன்வந்து கேட்டுத் தொடங்கிய படிப்பு அது, கலவையோடு வணிகப் பாடங்களும் சேர்ந்தே வரும். இங்கே இளங்கலையில் அப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும். என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் சென்னை ஐஐடி பேராசிரியர் மனு சந்தானத்தின் கான்கிரீட் வகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன, மேற்படிப்புக்குக் காத்திருக்காமல் இப்போதே பாருங்கள்.

ஆகவே கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் எடுங்கள், ஆனால் விருப்பப் பாடங்களிலும் ஆய்விலும் கான்கிரீட்டை விடாதீர்கள் என்பது என் யோசனை. முடிந்தால் நடுவில் ஓராண்டு சைட்டில் வேலை பாருங்கள். வேலை தேடும்போது 'சைட் இன்ஜினியர்' என்ற பெயருக்காக அலையாமல் க்யூசி (தரக் கட்டுப்பாடு) லேப்பில் சேருங்கள். பிளாண்ட், பம்ப், பில், கிளையண்ட் எல்லாருடைய சண்டையும் கடைசியில் அந்த மேசைக்குத்தான் வரும்.

இந்த செமஸ்டர் ப்ராஜெக்டில் இன்னும் நாள் மிச்சம் இருந்தால் தலைப்பைக் கொஞ்சம் மாற்றலாம். பக்கத்தில் ரெடிமிக்ஸ் வாங்கும் ஒரு சைட்டில் அனுமதி கேட்டு ஒவ்வொரு லாரிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: லோடு ஏற்றிய நேரம், சைட்டுக்கு வந்த நேரம், கொட்டி முடித்த நேரம், ஸ்லம்ப் (கலவையின் இளக்க அளவு), தண்ணீரோ அட்மிக்சரோ சேர்த்தார்களா, எவ்வளவு, நின்றதற்குக் காரணம், க்யூப் எண், 7 நாள், 28 நாள் வலிமை. முப்பது லாரி சேர்ந்தால் நின்ற நேரத்துக்கும் வலிமைக்கும் ஒரு வரைபடம் போட முடியும். தண்ணீர் சேர்த்ததை நேரில் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நீங்களே லாரிக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். அறிக்கையில் சைட்டின் பெயரும் பிளாண்டின் பெயரும் வராது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள்.