இடிந்த கோட்டையை வரைவது: கேட்டதும் சொன்னதும்

போன கிழமை ஓவிய வகுப்பில், ஆங்கில இயற்கைக்காட்சி ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் 1829இல் வரைந்த ஹட்லி கோட்டை ஓவியத்தைக் காட்டினேன். (பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியோடு குழப்பாதீர்கள், இது இங்கிலாந்தில், தேம்ஸ் கழிமுகத்துக்கு மேலே இருக்கிற இடிந்த கோட்டை.) அதற்குப் பிறகு வந்த கேள்விகள் இவை.

சேர், அந்தக் கோபுரம் ஏன் அவ்வளவு துக்கமாக இருக்கிறது?
அவர் அங்கே போனது 1814இல், பென்சிலால் சின்னதாக ஒன்று கீறிக்கொண்டு வந்து அப்படியே வைத்துவிட்டார். 1828 நவம்பரில் மனைவி மரியா காசநோயால் இறந்த பிறகுதான் அதைப் பெரிய ஓவியமாக்கினார், காட்சிக்கு வைத்தபோது தலைப்பிலேயே புயலடித்த இரவுக்கு மறுநாள் காலை என்று சேர்த்தும் விட்டார். ஆனால் கதை தெரியாதவனுக்கும் துக்கம் தெரியும், ஏனென்றால் கோபுரம் பிளந்து ஓரமாக நிற்க, வெளிச்சம் முழுக்கத் தூரக் கடலில் கிடக்கிறது.

கல் ஒவ்வொன்றாகக் கீற வேணுமா?
ஐயோ, வேண்டாம். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், வெளிச்சம், நடு, நிழல் என்று மூன்றுதான் தெரியும். முதலில் அதைப் போடுங்கள், அப்புறம் வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற விளிம்பில் மட்டும் பத்துக் கல் காட்டினால் மீதியைப் பார்க்கிறவர் கண்ணே அடுக்கிக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் இருக்கிற இடிந்த கோட்டைக்குக் கறுப்புக் கலந்தேன், ஒரே அழுக்கு.
கறுப்பு ரியூப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் தம்பி. அது முருகைக்கல். மஞ்சள் காவி துளி, தண்ணீர் நிறைய. நிழலுக்கு அல்ட்ராமரின் நீலமும் பேர்ண்ட் சியன்னா என்ற செம்பழுப்பும். அல்ட்ராமரின் சொரசொரப்பான தாளில் மணிமணியாகப் படியும், கல்லின் கரடுமுரடு தன்பாட்டில் வந்துவிடும், நீங்கள் தூரிகையால் நோண்டாமல் இருந்தால்!

எத்தனை மணிக்குப் போவது?
காலமை. உச்சி வெயிலில் நிழல் சுவரடியில் ஒடுங்கிவிடும், சுவர் தட்டையாகத் தெரியும். பின்னேர வெளிச்சம் அதைவிட அழகு, ஆனால் குறிகாட்டுவான் துறைக்குத் திரும்பும் கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு தீவில் திரிகிற குதிரைகளோடுதான்.

ஆட்கள் வேணுமா?
ஒன்று போதும். கொன்ஸ்டபிள் ஒரு இடையனையும் நாயையும் கோபுரத்தடியில் வைத்தார், அதனால்தான் அதன் உயரம் நமக்குப் புரிகிறது. நெடுந்தீவென்றால் ஒரு குதிரை வையுங்கள், தூரத்தில், சின்னதாக. மூன்று வைத்தால் கலண்டர் படம்.

அக்ரிலிக் சரிவருமா?
வரும். கடல் காற்றுக்குத் தட்டிலேயே காய்ந்துவிடும், தண்ணீர் தெளிக்க ஒரு போத்தல் கொண்டுபோங்கள்.