கற்கண்டை இருட்டில் நொறுக்கினால் நீல வெளிச்சம் வருமா?

கரண்ட் போன இரவில் மகன் கற்கண்டைக் கடித்தபோது வாய்க்குள் நீலமாக ஏதோ மின்னியது, பிரமையா என்று ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பிரமை இல்லை. 1620இலேயே ஆங்கிலேயத் தத்துவஞானி பிரான்சிஸ் பேக்கன், கெட்டியான சீனியை இருட்டில் உடைத்தால் மினுங்கும் என்று எழுதிவிட்டார்.

சீனிப் பளிங்கு பிளக்கும்போது, விரிசலின் ஒரு பக்கத்தில் நேர் மின்னூட்டமும் மறுபக்கத்தில் எதிர் மின்னூட்டமும் தங்கிவிடும். அவை இடைவெளியைத் தாண்டிப் பாயும்போது அங்குள்ள காற்றின் நைதரசன் ஒளிர்கிறது. ஒரு குட்டி மின்னல் என்றே சொல்லலாம். ஆனால் அந்த ஒளியில் பெரும்பங்கு நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. அதனால்தான் வெறும் கற்கண்டில் வெளிச்சம் மிக மங்கல்.

வின்டர்கிரீன் என்ற செடியின் வாசனை சேர்த்த மிட்டாய்கள் பளிச்சென்று மின்னுவது வேறு கதை. நோவெண்ணெய்களில் மூக்கைத் துளைக்கும் மெதைல் சலிசிலேற்று என்ற அதே இரசாயனம்தான் அவற்றிலும். அது புற ஊதாவை உறிஞ்சி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. கண்ணாடி போன்ற டொபியை உடைத்து ஏமாறாதீர்கள். அதில் சீனி பளிங்காக இருப்பதில்லை.

செய்து பார்க்க, லயத்து அறையின் கதவைச் சாத்தி, கண் பழக பத்து நிமிடமாவது இருட்டில் இருங்கள். பல்லுக்குப் பதிலாகக் குறடு போதும். அப்புறம், கற்கண்டு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நம் மலைப்பக்க மூடுபனியில் திறந்து வைத்த போத்தல் கற்கண்டு பிசுபிசுத்துவிடும், ஈரம் மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடும்.