சொக் மாத்தியும் சத்தம் போகல்லையா, லிங்கைப் பாருங்க

தம்பி, அக்சியோ காருக்கு அதிர்வு தாங்குற புது சொக் ரெண்டும் போட்டும் வாழைச்சேனை உள்ரோட்டில மெதுவாப் போகக்குள்ள முன்பக்கம் டக் டக் எண்டு கேக்குது எண்டீங்க, எனக்கெண்டா ஸ்டெபிலைசர் லிங்க்தான் சந்தேகம். அந்தச் சின்னக் கம்பிதான் சொக்கையும் ரெண்டு சில்லுக்கும் நடுவில குறுக்க ஓடுற ஸ்டெபிலைசர் பாரையும் இணைக்குது, ஒரு சில்லு மட்டும் குழிக்குள்ள இறங்கினா லிங்க் பாரை இழுத்து முறுக்கும், அந்த முறுக்குத்தான் வளைவில கார்ட பொடி ஒரு பக்கம் சரியாமப் புடிக்கிறதும், ஆனா லிங்க்ட நுனியில இருக்கிற உருண்டை மூட்டு, அந்தப் போல் ஜொயின்ட் தேஞ்சிருந்தா ஒவ்வொரு இழுவைக்கும் அடிக்கும். ரெண்டு சில்லும் ஒரு மேட்டில ஒண்டா ஏறினா பார் முறுகாது, சத்தமும் குறையும், இத ஒருக்காக் கவனிச்சுப் பாருங்க. மறுகா ரெண்டு பக்க லிங்கையும் கழட்டிப்போட்டு அதே ரோட்டில மெல்லமா ஓடுங்க, வளைவில கவனம், சத்தம் நிண்டா அதுதான். மாத்தினா சோடியா மாத்துங்க. சத்தம் நிக்கல்லையெண்டா சில்லைக் கீழால புடிக்கிற லோவர் ஆர்ம்ட றப்பர் புஷ்ஷப் பாக்கச் சொல்லுங்க, புதுசு போட்டா சில்லு நிலத்தில பாரத்தோட நிக்கக்குள்ளதான் போல்ட்டக் கடைசியா இறுக்கோணும், ஜக்கில தொங்கவிட்டு இறுக்கினா றப்பர் முறுகி கெதியாக் கிழிஞ்சிரும்.