நின்டெண்டோ ஏன் எப்போதும் பழைய சிப்பையே தேடிப் போகிறது?

கேள்வி: சோனி, மைக்ரோசாஃப்ட் வீடியோ கேம் கன்சோல்களைவிடத் திறன் குறைந்த பெட்டியை விற்றுக்கொண்டே நின்டெண்டோ எப்படித் தாக்குப் பிடிக்கிறது? அதற்குப் பின்னால் மறைமுகமான உத்தி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் பாகங்களின் வயதைப் பார்த்தாலே அது பிடிபட்டுவிடும். புத்தம்புது சிப்புக்காக மற்ற இருவரும் கொட்டும் பணத்தை நின்டெண்டோ கொட்டுவதில்லை. விலை இறங்கிய, கோளாறுகள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்துபோன பாகத்தை எடுக்கிறது. அதில் மிச்சமாவதை, விளையாடுபவர் கையில் உடனே உணரக்கூடிய ஏதாவது ஒன்றில் போடுகிறது.

இந்த வழியைப் போட்டவர் குன்பெய் யோகோய். 1965-ல் சீட்டுக்கட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்காக நின்டெண்டோவில் சேர்ந்தவர். 'காரெட்டா கிஜுட்சு நோ சுய்ஹெய் ஷிகோ' என்பார். அடிபட்டுத் தேறிய தொழில்நுட்பத்தை, அது பிறந்த வேலைக்கு இல்லாமல் வேறொரு வேலைக்குத் திருப்பிவிடுவது என்று அர்த்தம். கால்குலேட்டர் கம்பெனிகளின் விலைப்போரில் எல்சிடி திரை மலிவாகிக் கிடந்தபோது, 1980-ல் அதையே எடுத்து 'கேம் அண்ட் வாட்ச்' என்ற கையடக்க விளையாட்டுக் கருவியாக்கினார்.

இந்த உத்தி முழு வீச்சில் வேலை செய்தது 1989-ல் வந்த கேம் பாயில்தான். 160க்கு 144 புள்ளிகள் கொண்ட திரை. நிறம் கிடையாது, நான்கு சாயல்கள் மட்டும். பின்னொளியும் கிடையாது. வேகம் சுமார் 4.19 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் விலை 89.99 டாலர். அதே வருடம் வந்த அட்டாரி லிங்க்ஸ் வண்ணத்திரை, பின்னொளி எல்லாவற்றோடும் சுமார் 180 டாலர். அடுத்து வந்த சேகாவின் கேம் கியரும் வண்ணம்தான், அமெரிக்காவில் 149.99 டாலர்.

காகிதத்தில் கேம் பாய் தோற்க வேண்டும். பேட்டரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கேம் பாய்க்கு 4 ஏஏ பேட்டரி போட்டால் 15 மணி நேரம் ஓடும், ஒரு பேட்டரிக்கு ஏறக்குறைய 3 மணி 45 நிமிடம். கேம் கியருக்கு 6 பேட்டரி போட்டாலும் 3 முதல் 5 மணி நேரம்தான், ஒரு பேட்டரிக்குச் சுமார் 40 நிமிடம். காரணம் அந்தத் திரை. அன்றைய வண்ண எல்சிடி பின்னொளி இல்லாமல் கண்ணுக்கே தெரியாது. அந்தப் பின்னொளி ஒரு சின்ன ஃப்ளோரசன்ட் குழல், அதை எரிய வைக்க மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் சுற்று தனியாக வேண்டும். பேட்டரியின் பெரும்பகுதியை விளக்கே குடித்துவிடும். வாங்கிய பிறகு மாதாமாதம் பேட்டரிக்குப் போகும் செலவைப் பெற்றோர்கள் கணக்குப் பார்க்க மாட்டார்களா? கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. கேம் கியர் ஏறக்குறைய 1 கோடியோடு நின்றது.

சோனியும் மைக்ரோசாஃப்டும் கையாளும் முறை வேறு. பெட்டியை அடக்க விலைக்குக் கீழே விற்று, விளையாட்டுகளின் ராயல்டியில் பிறகு எடுத்துக்கொள்வார்கள். 2006-ல் 599 டாலருக்கு வந்த 60 ஜிபி பிளேஸ்டேஷன் 3-ஐப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம், தயாரிப்புச் செலவு மட்டும் சுமார் 840 டாலர் என்று மதிப்பிட்டது. ஒரு பெட்டிக்கு 240 டாலர் நஷ்டம். ஒரு விளையாட்டுக்கு 8 டாலர் ராயல்டி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அந்த ஓட்டையை அடைக்க ஒரே வாடிக்கையாளர் 30 விளையாட்டு வாங்க வேண்டும். 2021-ல் எபிக் கேம்ஸ் நிறுவனம் ஆப்பிள் மீது போட்ட வழக்கில் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி, எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்பனையில் லாபம் பார்த்ததே இல்லை என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். அவர்களுக்கு வேறு தொழில்கள் இருக்கின்றன, தாங்கிக்கொள்வார்கள். நின்டெண்டோவுக்கு விளையாட்டுத்தான் சோறு.

அதனால்தான் அதே 2006-ல் நின்டெண்டோ கொண்டுவந்த வீ (Wii) கன்சோல் பழைய பாகங்களோடு இருந்தது. அதன் செயலி 729 மெகாஹெர்ட்ஸ், முந்தைய கேம்கியூபின் 485 மெகாஹெர்ட்ஸ் செயலியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டியது போல. கட்டமைப்பு அதேதான் என்பதால் கேம்கியூப் தட்டுகளும் அதில் ஓடின, நின்டெண்டோவின் சொந்தக் குழுக்கள் எதையும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. எச்டி படம் கிடையாது. விலை 249.99 டாலர்.

மிச்சப் பணம் எங்கே போனது என்றால் கையில் பிடிக்கும் ரிமோட்டுக்கு. அதற்குள் கை அசைவை அளக்கும் முடுக்கமானியும், நுனியில் அகச்சிவப்புக் கேமராவும் இருந்தன. டிவி மேல் வைக்கும் 'சென்சார் பார்' என்ற பட்டையில் சென்சாரே இல்லை. இரண்டு முனைகளிலும் அகச்சிவப்பு எல்ஈடி விளக்குகள், அவ்வளவுதான். ரிமோட்டில் இருக்கும் கேமரா அந்த இரண்டு ஒளிப்புள்ளிகளையும் பார்த்து, திரையில் எங்கே சுட்டுகிறோம் என்று கணக்கிடும். பட்டை பழுதானால் டிவிக்கு முன்னால் இரண்டு மெழுகுவத்தியை இடைவெளி விட்டு ஏற்றி வைத்தாலும் வேலை செய்யும், ஏனென்றால் சுடரிலும் அகச்சிவப்பு இருக்கிறது. யோகோய் 1997-லேயே இறந்துவிட்டார். ஆனால் அவருடைய கை அதில் அப்படியே தெரிகிறது. வீ 10 கோடிக்கு மேல் விற்றது, பிளேஸ்டேஷன் 3 சுமார் 8.7 கோடி.

உத்தியின் இன்னொரு பாதி பூட்டு. என் பார்வையில் 'மறைமுகம்' என்ற சொல் இதற்குத்தான் அதிகம் பொருந்தும். 1985-ல் அமெரிக்காவுக்கு வந்த என்இஎஸ் பெட்டிக்குள் 10என்இஎஸ் என்ற சிப் இருந்தது, விளையாட்டு அடங்கிய ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் அதன் ஜோடி இருந்தது. இரண்டும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் போட்டு விடையை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். பொருந்தாவிட்டால் பெட்டி சுமார் ஒரு விநாடிக்கு ஒரு முறை ரீசெட் ஆகும், சிவப்பு விளக்கு சிமிட்டும். இதனால் நின்டெண்டோவின் அனுமதி இல்லாமல் யாரும் எளிதில் விளையாட்டு விற்க முடியவில்லை. அனுமதி வேண்டுமென்றால் வருடத்துக்கு 5 விளையாட்டுதான், 2 வருடம் வேறு எந்தப் பெட்டிக்கும் அதைக் கொடுக்கக் கூடாது, கார்ட்ரிட்ஜை நின்டெண்டோவிடமே பணம் கட்டித் தயாரிக்க வேண்டும். போட்டி கன்சோல்களுக்கு விளையாட்டே கிடைக்காமல் போனதற்கு இந்த ஒப்பந்தம் பெரிய காரணம். கொனாமி நிறுவனம் 5 என்ற வரம்பைத் தாண்ட அல்ட்ரா கேம்ஸ் என்று இன்னொரு பெயரே தொடங்கியது.

இந்தப் பூட்டின் தொல்லை வாடிக்கையாளர் தலையிலும் விழுந்தது. 72 பின் கொண்ட இணைப்பான் அழுக்கானாலோ தளர்ந்தாலோ, அசல் கார்ட்ரிட்ஜையே பெட்டி போலி என்று முடிவுகட்டிச் சிமிட்ட ஆரம்பிக்கும். எல்லோரும் கார்ட்ரிட்ஜை ஊதியது இதற்குத்தான். ஊதுவதால் எச்சில் ஈரம் பட்டு உலோகம் மேலும் கெடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பதுதான் சரி. பழுது பார்ப்பவர்கள் பெட்டியின் பூட்டுச் சிப்பில் 4-ஆம் பின்னை வெட்டித் தூக்கிவிடுவார்கள். அப்புறம் அது கார்ட்ரிட்ஜில் இருக்கும் சாவிச் சிப் மாதிரி நடந்துகொள்ளும், ரீசெட் நின்றுவிடும். 1993-ல் வந்த மேல்வழியாகச் செருகும் மாடலில் நின்டெண்டோவே இந்தச் சிப்பை எடுத்துவிட்டது.

இந்த வழி எப்போதும் ஜெயிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 1996-ல் நின்டெண்டோ 64 கார்ட்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதில் அதிகபட்சம் 64 எம்பி அடங்கும், பிளேஸ்டேஷன் சிடியில் 650 எம்பி. தேறிய பாகம் எடுப்பது சரி, ஆனால் விளையாட்டு தயாரிப்பவர்களின் தேவைக்கே போதாத பாகத்தை எடுத்தால் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஃபைனல் ஃபேன்டசி 7 என்ற விளையாட்டு பிளேஸ்டேஷனுக்குப் போனது அப்படித்தான். வீக்கு அடுத்து வந்த வீ யூ தொடக்கத்தில் நஷ்ட விலைக்கு விற்கப்பட்டது, மொத்தமே 1.36 கோடிதான் போனது.

பழைய சிப்புக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. 2017-ல் வந்த ஸ்விட்ச், 2015-லேயே அறிவிக்கப்பட்டிருந்த என்விடியா டெக்ரா எக்ஸ்1 சிப்பை எடுத்துக்கொண்டது. அதன் பூட் ரோமில் (பெட்டியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல்), யூஎஸ்பி மீட்பு முறையில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2018-ல் வெளியானது. பூட் ரோம் சிப்பிலேயே பதிந்தது, எந்த மென்பொருள் அப்டேட்டும் அதைத் தொட முடியாது. விற்ற பெட்டிகள் விற்றவைதான். புதிதாகத் தயாரிப்பவற்றில் மட்டும் சரிசெய்தார்கள். ஆனால் அதே சிப்பின் தயாரிப்பு முறையை 2019-ல் 20 நானோமீட்டரிலிருந்து மின்சாரம் குறைவாகக் குடிக்கும் 16-க்கு மாற்றியபோது, அதே 4310 எம்ஏஎச் பேட்டரி 2.5 முதல் 6.5 மணி வரை ஓடியது போய், 4.5 முதல் 9 மணி வரை ஓடியது. விலையை ஏற்றவில்லை.

அடுத்த கன்சோல் அறிவிப்பு வரும்போது நீங்களே சோதிக்கலாம். முதலில் சிப் எந்த வருடத்துக் கட்டமைப்பு என்று பாருங்கள். பிறகு அது எத்தனை நானோமீட்டரில் தயாராகிறது, அந்தத் தொழிற்சாலை வரிசை எத்தனை வருடமாக ஓடுகிறது என்று தேடுங்கள். கடைசியாக, அந்தச் சிப்பால் செய்ய முடியாததை ஈடுகட்டக் கையில் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். 2025 ஜூனில் 449.99 டாலருக்கு வந்த ஸ்விட்ச் 2-வை இப்படிப் பார்த்தால், உள்ளே இருப்பது என்விடியா 2020-ல் கணினி வரைகலை அட்டைகளில் கொடுத்த அதே ஆம்பியர் கட்டமைப்பு.