மடியிலிருந்து மிதிக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: மூன்று ஆண்டுகளாக மடியில் கிடத்தி வாசிக்கும் ஆறு தந்தி லேப் ஸ்டீல் கிதாரைத் திறந்த ஈ சுருதியில் (தந்திகளை அப்படியே மீட்டினால் ஈ மேஜர் ஒலிக்கும் அமைப்பில்) வாசித்து வருகிறேன். அண்மையில் பத்துத் தந்திகளும் மூன்று மிதிகளும் நான்கு முழங்கால் லீவர்களும் கொண்ட, ஈ9 என்ற சுருதியமைப்புடைய பெடல் ஸ்டீல் கிதார் ஒன்றை வாங்கினேன். இரண்டிலும் உருக்கு உருளையை நகர்த்தித்தானே வாசிக்கிறோம் என்ற தைரியத்தில் தொடங்கினேன். ஒரு மாதமாகியும் ஒரு வரிகூடச் சுத்தமாக வரவில்லை. எங்கே தவறுகிறேன்?
(அமெரிக்காவில் வாழும் வாசகர் ஒருவர்)

பதில்: லேப் ஸ்டீல் உங்கள் இடக்கைக்கு நன்றாகப் பழக்கிவிட்ட ஒரு வழக்கம்தான் இப்போது குறுக்கே நிற்கிறது என்று எண்ணுகிறேன். அந்த வாத்தியத்தில் எல்லாப் பொறுப்பும் உருளையினுடையது. அதை நகர்த்தினால் அதன் அடியிலுள்ள தந்திகள் அனைத்தும் ஒரே அளவில் ஏறும் அல்லது இறங்கும்; ஒரு தந்தியை மட்டும் ஏற்ற வேண்டுமானால் உருளையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், இல்லையேல் அதன் பின்புறம் தந்தியை விரலால் இழுக்க வேண்டும். பெடல் ஸ்டீலில் இந்த வேலையைப் பாதமும் முழங்காலும் ஏற்றுக்கொள்கின்றன. உருளை அசையாமல் நிற்க, உடன் ஒலிக்கும் தந்திகளும் அப்படியே நிற்க, ஒரு தந்தி மட்டும் வழுக்கி மேலேறுகிறதே, அதுதான் இந்த வாத்தியத்தின் உயிர்.

நம் ஸ்வரப் பெயர்களால் சொன்னால் இது எளிதில் விளங்கும். ஈ ஸ்வரத்தை ஸட்ஜமாகக் கொள்ளுங்கள். ஜி ஷார்ப் காந்தாரம், பி பஞ்சமம். 'ஏ' மிதி 5, 10 ஆகிய தந்திகளின் பஞ்சமத்தைத் தைவதத்துக்கு உயர்த்துகிறது; 'பி' மிதி 3, 6 ஆகிய தந்திகளின் காந்தாரத்தை மத்யமமாக்குகிறது. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஸ-க-ப என்றிருந்த கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு) ஸ-ம-த ஆகிவிடும். 4, 8 ஆகிய தந்திகளின் ஸட்ஜம் மட்டும் இடம்பெயராமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். திறந்த ஈ சுருதியில் லேப் ஸ்டீல் வாசிக்கும்போது இதே மாற்றத்துக்காக உருளையை ஐந்து ஃபிரெட் (கழுத்தில் அரை ஸ்வரத்துக்கு ஒன்றாக வரைந்த கோடு) தள்ளி வைப்பீர்கள். கார்டு வந்துவிடும், ஆனால் எல்லா ஸ்வரங்களும் ஒன்றாகத் தாவியிருக்கும், எதுவும் நின்றிருக்காது.

ஸ்டீல் கிதாரில் மிதிகள் 1954-க்கு முன்பும் உண்டு. பெரும்பாலும் ஒரு சுருதியமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறவே அவை பயன்பட்டன. 1954-இல் வெளியான, கன்ட்ரி இசைப் பாடகர் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாடலில்தான் ஸ்டீல் கிதார் கலைஞர் பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தி, ஸ்வரம் ஏறுவது காதில் விழும்படி வாசித்தார். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் கலைஞர்கள் அந்த ஒலியைத் தேடி ஓடினார்கள். அவர் ஒரே மிதியில் செய்ததைப் பட்டி எமன்ஸ், ஜிம்மி டே என்ற ஸ்டீல் கலைஞர்கள் இரண்டு மிதிகளாகப் பிரித்தார்கள். இன்று உங்கள் காலடியில் இருக்கும் ஏ, பி மிதிகள் அவையே.

நானும் லேப் ஸ்டீலிலிருந்து வந்தவன்தான். முதல் வாரத்தில் உருளையை 3-ஆம் ஃபிரெட்டில் வைத்து, 5-ஆம் தந்தியை மீட்டி, ஏ மிதியை அழுத்தினேன். வந்த ஸ்வரம் எங்கோ மேலே போய் நின்றது. இயந்திரத்தில் பழுது என்று நினைத்து அடியிலுள்ள கம்பிகளையெல்லாம் ஆராய்ந்தேன். கடைசியில் கையைக் குனிந்து பார்த்தபோது, உருளை 5-ஆம் ஃபிரெட் கோட்டின் மேல் இருந்தது. ஸ்வரம் ஏற வேண்டும் என்று மனம் நினைத்த கணத்திலேயே கை தானாக நகர்ந்திருக்கிறது. கால் ஒரு முழு ஸ்வரம் ஏற்ற, கையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றியிருக்கிறது. உங்களுக்கும் இதுவே நடக்கிறதா என்று முதலில் கவனியுங்கள்.

இதற்கு மருந்து, சில வாரங்கள் உருளையை ஓரிடத்தில் நிறுத்தி வாசிப்பதுதான். 3-ஆம் ஃபிரெட்டில் 4, 5, 6 தந்திகளை மீட்டினால் ஜி மேஜர் கிடைக்கும். ஏ, பி இரண்டையும் மெல்ல அழுத்தினால் சி மேஜர். பிறகு பி-யை அழுத்தியபடியே கணுக்காலைச் சற்றுச் சாய்த்து ஏ-யை மட்டும் விடுங்கள், மீண்டும் அழுத்துங்கள். கனமான காலணியுடன் இதைச் செய்ய முடியாது. மெல்லிய அடிப்பாகம் கொண்டதை அணியுங்கள். இது கைவந்தபின் ஒரே ஜி கார்டை மூன்று இடங்களில் தேடுங்கள்: மிதியின்றி 3-ஆம் ஃபிரெட்டில், ஏ மிதியுடன் ஈ தந்திகளை அரை ஸ்வரம் ஏற்றும் லீவரைச் சேர்த்து 6-ஆம் ஃபிரெட்டில், ஏ, பி இரண்டுடனும் 10-ஆம் ஃபிரெட்டில். கழுத்து முழுவதும் இந்த மூன்று இடங்களின் வழியாகத்தான் விரிகிறது.

வலக்கையில் உங்களைத் தடுமாற வைக்கக்கூடியவை முதலிரண்டு தந்திகள். எஃப் ஷார்ப், டி ஷார்ப் என்ற இவை 3-ஆம் தந்தியைவிடத் தாழ்ந்தவை. மேலே போகப் போகச் சுருதி ஏறும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மேலும், பத்துத் தந்திகள் நெருங்கி நிற்பதால், வேண்டாத தந்தியை உள்ளங்கையின் ஓரத்தால் அடக்கும் பயிற்சி லேப் ஸ்டீலில் தேவைப்பட்டதைவிடப் பல மடங்கு தேவை. ஒலியளவு மிதியை முதல் மாதம் ஒதுக்கிவைப்பதே நல்லது என்பது என் கருத்து. பிழைகளை அது மறைத்துவிடும்.

கேள்வி: ட்யூனர் காட்டும்படியே எல்லாத் தந்திகளையும் சேர்த்தும் கார்டு கரகரக்கிறதே, ஏன்?

பதில்: ட்யூனர் காட்டும் காந்தாரம், ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகமாக வகுத்ததில் வந்தது, இயல்பான காந்தாரம் அதைவிட ஏறத்தாழ 14 சென்ட் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்ந்தது. தம்பூராவில் தானாகக் கேட்கிறதே சுயம்பு காந்தாரம், அதுதான் இது. ஜி ஷார்ப் தந்திகளை அந்த அளவை நோக்கிக் காதால் இறக்குங்கள். ஏ, பி மிதிகளை அழுத்தும்போது வரும் தைவதம் புதிய கார்டுக்குக் காந்தாரமாகிவிடுவதால் அதையும் அப்படியே இறக்க வேண்டும். ஆனால் மிதியழுத்திய சுருதியை ட்யூனிங் கீயில் திருத்தாதீர்கள். வாத்தியத்தின் வலக்கோடியிலுள்ள நைலான் திருகுகளில்தான் திருத்த வேண்டும். 0.011 அங்குல 3-ஆம் தந்தி அடிக்கடி அறும். அதை மட்டும் அரை டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய லேப் ஸ்டீலை விற்றுவிடலாமா?

பதில்: வேண்டாம். கோட்டின் நேர்மேலே உருளையை நிறுத்திக் காதால் சரிபார்க்கும் பழக்கத்தை அதுதான் உங்களுக்குத் தந்தது. பெடல் ஸ்டீலை முதல் வாத்தியமாக எடுப்பவர்கள் அதற்கே பல மாதங்கள் பாடுபடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் அதை மடியில் வைத்து வாசியுங்கள். ஆனால் முதல் ஆறு மாதங்களுக்காவது, லேப் ஸ்டீலைத் தொட்ட நாளில் பெடல் ஸ்டீலின் முன் உட்கார வேண்டாம்.