அணைந்துபோன ஆலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிமுலேஷன் கேம்கள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவன். சில கேள்விகள். இருப்பவற்றிலேயே மிக நுணுக்கமான, உண்மைக்கு மிக நெருக்கமான கேம் எது? விமானம், லாரி, ராக்கெட், நகரம், தொழிற்சாலை என்று இத்தனை இருக்கின்றன. எந்த வரிசையில் ஆடினால் சரியாக வரும்? ஸ்டியரிங், ஜாய்ஸ்டிக் எல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டுமா? அலுவலகம் முடிந்து வந்து இன்னொரு வேலை பார்ப்பதுபோல இருக்கிறதே, இதெல்லாம் வெட்டிப் பொழுதுதானா?

போன மாதம் தொழிற்சாலை கட்டும் கேமான ஃபேக்டோரியோ ஆரம்பித்தேன். 20 பாய்லர், 40 நீராவி எஞ்சின் உள்ள மின்நிலையத்தின் ப்ளூபிரிண்ட் (வேறொருவர் போட்டுவைத்த வரைபடம்) ஒன்றை இறக்கி அப்படியே வைத்தேன். சில மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு விளக்குகள் மங்கின, எல்லாம் மெதுவாயிற்று, கடைசியில் மொத்தமும் நின்றுவிட்டது. கூடுதலாக 10 எஞ்சின் வைத்துப் பார்த்தேன், பயனில்லை. கேமில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். வெறுத்துப்போய் மூடிவைத்துவிட்டேன்.

ர.

அன்புள்ள ர.,

முதலில் ஸ்டியரிங். தொழிற்சாலைக்கும் நகரத்துக்கும் மவுஸ் போதும். லாரியைக் கீபோர்டிலேயே ஓட்டலாம், கொஞ்சம் அலைபாயும், அவ்வளவுதான். கார் ரேஸில் இறங்குவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் ஸ்டியரிங்கைவிட பிரேக் பெடலில் செலவழிப்பது புத்திசாலித்தனம். சாதாரணப் பெடல், கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்று அளக்கிறது. லோடு செல் வைத்த பெடல், எவ்வளவு பலமாக மிதித்தீர்கள் என்று அளக்கிறது. கால் தூரத்தை மறந்துவிடும், அழுத்தத்தை மறக்காது. வெட்டிப் பொழுதா என்றால், பொழுது உங்களுடையது, கணக்கும் உங்களுடையது. என்னிடம் சான்றிதழ் கேட்காதீர்கள்.

மிக நுணுக்கமான கேம் எது என்ற கேள்வி சில நாட்களாக எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. விமானி அறையில் எத்தனை சுவிட்ச், எத்தனை வகை டிராக்டர், சக்கரத்தில் சேறு எப்படி ஒட்டுகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. அந்தச் சண்டைக்குத் தேவையான சான்று உங்கள் கடைசிப் பத்தியில் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதில்.

கேமில் கோளாறு என்கிறீர்கள். இல்லை, ஐயா. அது அப்பழுக்கில்லாமல் கணக்குப் போட்டிருக்கிறது.

ஒரு பாய்லர் 1.8 மெகாவாட். ஒரு நீராவி எஞ்சின் 900 கிலோவாட். ஆக 1 பாய்லருக்கு 2 எஞ்சின். உங்கள் 20 பாய்லரும் 40 எஞ்சினும் சேர்ந்தால் 36 மெகாவாட். ஒரு நிலக்கரியில் 4 மெகாஜூல். அப்படியானால் முழுப் பளுவில் ஒரு பாய்லர் விநாடிக்கு 0.45 நிலக்கரி தின்னும், 20 பாய்லர் 9 தின்னும். மின்சாரச் சுரங்க எந்திரம் ஒன்று விநாடிக்கு 0.5 தோண்டும். 18 எந்திரம் வேண்டும். இவ்வளவும் எந்திரத்தின் மேல் மவுஸை வைத்தால் கேமே காட்டும் எண்களிலிருந்து வருவது. நீங்கள் எத்தனை சுரங்க எந்திரம் வைத்தீர்கள்? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ப்ளூபிரிண்ட் போட்டவர், பொருளைச் சுமந்து நகரும் பெல்ட் நிறைய நிலக்கரி வரும் என்று வைத்துக்கொண்டு பாய்லரையும் எஞ்சினையும் மட்டும் வரைந்தார். சுரங்கம் அவர் படத்தில் இல்லை, ஆகவே உங்கள் மனதிலும் இல்லை.

சரி, 18 வைத்தீர்கள் என்றே கொள்வோம். ஆலை வளர்கிறது, தேவை 40 மெகாவாட் ஆகிறது. கிடைப்பது 36. உடனே எல்லா எந்திரமும் 90 சதவீத வேகத்துக்கு இறங்கும். எல்லா எந்திரமும் என்பதில் சுரங்க எந்திரமும் சேர்த்தி, பாய்லருக்கு நிலக்கரி எடுத்துப் போடும் இன்செர்ட்டரும் சேர்த்தி. இப்போது சுரங்கம் 9க்குப் பதில் 8.1 தோண்டுகிறது. 8.1 நிலக்கரியில் 32.4 மெகாவாட்தான் வரும். அது 40இல் 81 சதவீதம். சுரங்கம் 7.29க்கு இறங்கும், மின்சாரம் 73 சதவீதம் ஆகும். இப்படியே படிப்படியாகக் கீழே. வேகம் பாதியை நெருங்கும்போது இன்செர்ட்டரே பாய்லரின் பசிக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகும். பெல்ட்டுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால் அது பாட்டுக்கு நகர்ந்து வந்து நிலக்கரியைப் பாய்லர் வாசலில் நிறுத்தும். எடுத்து உள்ளே போடும் கைக்குத்தான் தெம்பு இருக்காது.

இதில் நான் மாய்ந்து போகிற இடம் ஒன்று உண்டு. தரை சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒரு கட்ட நீளப் பெல்ட்டில் 8 பொருள் நிற்கும். சுரங்கத்திலிருந்து பாய்லர்வரை 100 கட்டம் என்றால் 800 நிலக்கரி வழியில் நிற்கிறது. வருவது 8.1, எரிவது 9, பற்றாக்குறை விநாடிக்கு 0.9. அந்த 800 தீர ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரமும் மின்நிலையம் முழு 36 மெகாவாட்டையும் கொடுத்துக்கொண்டிருக்கும். பாய்லர் எரியும், புகை வரும், எல்லாம் சுகம். நோய் வந்தது சுரங்கத்தில், வந்த நேரம் நீங்கள் வேறு எங்கோ புது எந்திரம் வைத்துக்கொண்டிருந்த நேரம். விளக்கு மங்குவது கால் மணி கழித்து, வேறு இடத்தில். நீங்கள் அந்த மங்கிய விளக்கைப் பார்த்துவிட்டு 10 எஞ்சின் வைத்தீர்கள். அந்த 10க்கும் நீராவி கொடுக்க 5 பாய்லர் வேண்டும், அவற்றை வைக்கவில்லை. இருந்த நீராவியை 40 பேருக்குப் பதில் 50 பேர் பங்கிட்டுக் குடித்தார்கள். காய்ச்சல் அடிக்கிறவனுக்கு இன்னொரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்த கதை.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. மஞ்சள் பெல்ட் விநாடிக்கு 15 பொருள் கொண்டுபோகும், ஆனால் அதில் இரண்டு தடம், தடத்துக்கு 7.5. சுரங்க எந்திரங்களைப் பெல்ட்டின் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்திருந்தால் ஒரு தடம்தான் நிரம்பும். 7.5ஐ 0.45ஆல் வகுத்துப் பாருங்கள். 16 பாய்லருக்கு முழுச் சாப்பாடு, 17ஆவதுக்கு அரைகுறைச் சாப்பாடு, கடைசி மூன்றும் பட்டினி. தேவை ஏறும்வரை அந்தப் பட்டினி வெளியே தெரியாது.

நான் நுணுக்கம் என்று சொல்வது இதைத்தான். ஒரு கோளாறு தனக்கென்று ஒரு வழியில் நடந்து வர வேண்டும். வந்த வழியே திரும்ப நடந்தால் அது கிளம்பிய இடத்துக்கு நாம் போய்ச் சேர முடிய வேண்டும். திடீரென்று எஞ்சின் செயலிழந்தது என்று உள்ளே பகடை உருட்டிச் சொல்கிற கேமில் ஆயிரம் சுவிட்ச் இருந்தாலும் அது எனக்குப் பொம்மைதான்.

நகரம் கட்டும் கேம்களில், 2013இல் வந்த சிம்சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாக நடமாட விட்டார்கள். கேட்கப் பெரிய நுணுக்கம். ஆனால் அந்த ஆளுக்குச் சொந்த வீடு இல்லை, சொந்த வேலை இல்லை. காலையில் பக்கத்தில் காலியாக இருக்கும் வேலைக்குப் போவார், மாலையில் பக்கத்தில் காலியாக இருக்கும் வீட்டுக்குள் நுழைவார். ஒருவரைப் பின்தொடர்ந்து போனால் நெரிசலுக்குக் காரணம் கிடைக்காது, குழப்பம்தான் கிடைக்கும். 2015இன் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸில் ஆளுக்கு நிலையான வீடும் வேலையும் உண்டு. குடியிருப்புப் பகுதி முழுவதையும் ஒரே மூச்சில் திறந்துவிட்டால், ஒரே வயதினர் கூட்டமாகக் குடியேறி, வருஷங்கள் கழித்துக் கூட்டமாகச் சாவார்கள். சவ ஊர்திகள் சாலையை அடைத்துக்கொள்ளும். பலர் இதைக் கோளாறு என்று திட்டினார்கள். பகுதி பகுதியாக, இடைவெளி விட்டுத் திறங்கள் என்பதுதான் வைத்தியம். அதே கேம் நெடுநேரம் தேங்கி நிற்கும் வண்டியைச் சத்தமில்லாமல் மறைத்துவிடுகிறதே, அங்கேதான் எனக்கு மனத்தாங்கல். தடயத்தை அழிக்கிற வேலை அது.

‘உண்மைக்கு நெருக்கம்’ என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் வரும் கோளின் ஆரம் 600 கிலோமீட்டர், பூமிக்கு 6371. அங்கே சுற்றுப்பாதைக்குப் போக விநாடிக்குச் சுமார் 3400 மீட்டர் வேகத்துக்கான எரிபொருள் போதும், பூமியிலிருந்து என்றால் சுமார் 9400. பச்சைப் பொய். ஆனால் எரிபொருளுக்கும் கிடைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும் ராக்கெட் சமன்பாட்டில் அவர்கள் கை வைக்கவில்லை. ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ் (எரிபொருளை எவ்வளவு சிக்கனமாக உந்துதலாக்குகிறது என்ற அளவு) 300 விநாடி உள்ள எஞ்சினோடு, எரிபொருள் நிரம்பிய எடை காலி எடையைப்போல 3 மடங்கு இருந்தால் விநாடிக்குச் சுமார் 3230 மீட்டர் வேகம் கிடைக்கும். அதை இரட்டிப்பாக்க 6 மடங்கு போதாது, 9 மடங்கு வேண்டும். தொட்டியை மேலே மேலே அடுக்கியும் ஏன் ராக்கெட் மேலே போகமாட்டேன் என்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர், இரண்டாவது அடுக்கு ஏன் கண்டுபிடிக்கப்பட்டது என்று தானாகவே கண்டுகொள்கிறார். அளவில் பொய் சொல்லட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. காரணத்தில் சொல்லக்கூடாது.

குள்ளர்களின் கோட்டையை நடத்தும் கேமான ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸில் பூனைகள் கொத்துக் கொத்தாகச் செத்துப்போன விவகாரம் ஞாபகத்துக்கு வருகிறது. குள்ளர்கள் மதுக்கடையில் சிந்திய சாராயத்தைப் பூனை மிதிக்கிறது, பாதத்தை நக்குகிறது, உள்ளே போன சாராயத்துக்கு உடல் எடைப்படி போதை ஏறுகிறது. பிழை ஒரே இடத்தில்தான்: பாதத்தில் ஒட்டிய துளியைக் கேம் ஒரு முழுக் குவளையாகக் கணக்கிட்டது. பூனை சாவதற்கென்று யாரும் ஒரு வரி எழுதவில்லை. சிந்துவது, ஒட்டுவது, நக்குவது எல்லாம் தனித்தனியாக எழுதப்பட்டவை. ஆகவே தடம் பிடித்துப்போய்ப் பிழையின் வாசலைத் தட்ட முடிந்தது. கோளாறு என்று நீங்கள் சொல்லத்தக்கது இருந்தால் இது, ஆனால் இதையும் நான் மதிக்கிறேன்.

சரிசெய்யப் போனால் இன்னும் மோசமாகிறது என்பதுதான் உங்கள் வெறுப்பின் அடி என்று ஊகிக்கிறேன். சில சமயம் சரியான வைத்தியமும் அப்படித்தான் ஆரம்பிக்கும். கார்புரேட்டர் (எரிபொருளையும் காற்றையும் கலக்கும் பாகம்) வைத்த சிறிய விமானத்தில் விசையைக் குறைத்துக் கீழே இறங்கும்போது, ஈரக்காற்று இருந்தால், வெளியே 20 டிகிரி இருந்தாலும் கார்புரேட்டருக்குள் பனி கட்டும். எஞ்சினின் சுழற்சி எண் மெல்ல இறங்கும். கார்புரேட்டருக்கு வெப்பக்காற்று விடும் கைப்பிடியை முழுதாக இழுக்க வேண்டும். இழுத்ததும் சுழற்சி இன்னும் இறங்கும், உருகிய பனி தண்ணீராக உள்ளே போவதால் எஞ்சின் இருமும். புதியவர் பதறிப்போய்க் கைப்பிடியை உள்ளே தள்ளுவது அந்த நொடியில்தான். தள்ளாமல் பொறுத்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்து ஏறும்.

சேமித்துவைத்த அந்த ஆட்டத்தை அழித்துவிட்டேன் என்று நீங்கள் எழுதவில்லை, மூடிவைத்தேன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இன்று திறங்கள். எதையும் தொடாமல் மின்நிலையத்துக்குப் போய்ப் பெல்ட்டைப் பாருங்கள். பிறகு ஆலைக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே உள்ள மின்கம்பம் ஒன்றைப் பிடுங்கிவிடுங்கள். சுரங்கமும் பாய்லர் இன்செர்ட்டர்களும் மட்டும் மின்நிலையத்தோடு இணைந்திருக்கட்டும். நாலைந்து பாய்லரில் 50 நிலக்கரி வீதம் கையால் போடுங்கள். முழுப் பளுவில் 50 நிலக்கரி 111 விநாடி எரியும், இப்போது பளு குறைவு என்பதால் இன்னும் நீளும். சுரங்கம் எழுந்து, பெல்ட் நிரம்பி நின்ற பிறகே கம்பத்தைத் திரும்ப நடுங்கள். அதற்குள் தேவை 36 மெகாவாட்டைத் தாண்டியிருந்தால் 5 பாய்லர் சேருங்கள். உங்கள் அனாதை எஞ்சின்கள் 10க்கும் வேலை கிடைக்கும். 5 பாய்லருக்கு இன்னும் 2.25 நிலக்கரி, அதாவது இன்னும் 5 சுரங்க எந்திரம் என்பதை மறுபடி மறக்க வேண்டாம்.

அடுத்து, பாய்லர் வாசலில் உள்ள மின்சார இன்செர்ட்டர்களை எடுத்துவிட்டு எரிபொருளில் ஓடும் இன்செர்ட்டர்களை வையுங்கள். அவை தூக்கும் நிலக்கரியிலிருந்தே தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும், இருட்டிலும் ஓடும். சுரங்கத்துக்கு ஒரு பாய்லர், இரண்டு எஞ்சினைத் தனியாக ஒதுக்கி, அந்தக் கம்பிகளை ஆலையோடு சேர்க்காமல் விடுங்கள். 20 பாய்லர் மட்டும் என்று வைத்தால், இந்தத் தனிப் பாய்லரும் 0.45 தின்னும் என்பதால் சுரங்க எந்திரம் 19 ஆகும். எந்திரத்துக்கு 90 கிலோவாட், மொத்தம் 1.71 மெகாவாட். உங்களிடம் இருப்பது 1.8. ஆலைக்கு 25 பாய்லர் என்று போனால் இது போதாது. எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எண்கள் எல்லாம் மேலே இருக்கின்றன.

எந்த வரிசையில் ஆடுவது என்று கேட்டிருந்தீர்கள். இதை முடிக்காமல் அடுத்ததைத் திறக்காதீர்கள், தற்போதைக்கு அதுதான் வரிசை. கம்பத்தைப் பிடுங்குவதற்கு முன் பெல்ட்டின் கடைசியில், 20ஆவது பாய்லருக்கு எதிரே, நிலக்கரி இரண்டு தடத்திலும் நிற்கிறதா, ஒன்றில் மட்டுமா, எதிலும் இல்லையா? மூன்றும் மூன்று வேறு நோய். எது என்று எழுதுங்கள்.